தண்ணி கலக்காத கூலன்ட்

அந்தப் பைமேல மட்டும் கால வெச்சுறாதீங்க தம்பி. உள்ள கேன் இருக்குதுங்க. உடையாது, ஆனா மூடி மேல எனக்கு நம்பிக்கை இல்ல. இப்பெல்லாம் எந்த மூடியும் ஒழுங்கா மூடறதில்லைங்க.

கையப் பாக்கறீங்க. பாருங்க, பரவால்ல, எல்லாருந்தான் பாக்கறாங்க. டிக்கெட் குடுக்கறப்ப கண்டக்டர் கேக்கறான், அடுப்புல வெந்துட்டீங்களா பெரியவரேன்னு. அடுப்பு இல்லைங்க. வண்டி. எம்பட சொந்த வண்டி. பெத்த புள்ளையாட்டத் தொடச்சுத் தொடச்சு வெச்சிருந்த வண்டிங்க, மூஞ்சிக்கு நேரா ஆவியக் கக்கிப்போட்டுது. கையக் குறுக்க வெக்காட்டி இன்னைக்கு உங்களப் பாக்கறதுக்குக் கண்ணு இருக்காது. வண்டி மேல தப்பில்லைங்க. உள்ள ஊத்துனது அப்படி. ஊத்துனது யாருன்னு கேட்டீங்கன்னா, நாந்தான் ஊத்துனேன். ஆனா காரணம் நானில்ல. அதைத்தான் சொல்ல வர்றேன்.

பேரு சென்னியப்பனுங்க. காங்கயத்துல இருந்து உள்ள தள்ளி ஊரு. பால் ஏவாரம். காலையில ஊர் ஊராப் போயிப் பால் எடுத்து, கேன்ல புடிச்சு, வண்டியில ஏத்திக் கொண்டு போயி, பாலக் குளுர வெக்கற சில்லிங் சென்டர்ல ஊத்தோணும். வெயிலு ஏறறதுக்குள்ள போயிச் சேரோணும், இல்லாட்டித் திரிஞ்சுபோகும். இந்தத் தொழில்ல என்ன முக்கியம்னு நெனைக்கறீங்க? மாடா? பாலா? இல்லைங்க. ஆளு. தண்ணி கலக்கறவன் யாரு, கலக்காதவன் யாரு, இது தெரியோணும். எனக்குச் சொம்பப் பாக்க வேண்டியதில்ல, மூஞ்சியப் பாத்தாப் போதும். சும்மா கொண்டாந்து வெச்சுட்டு நிக்கறான் பாருங்க, அவன் கலக்கல. 'மாட்டுக்குச் சொகமில்லீங்க, தீனி எடுக்க மாட்டேங்குதுங்க'ன்னு நாம கேக்காமயே ஆரம்பிக்கறான் பாருங்க, அவன் கலந்திருக்கான்.

இருந்தாலும் ஒரு சாட்சி வேணுமில்லைங்க. அதுக்குத்தான் டிகிரி. லாக்டாமீட்டர்னு இங்கிலீசுல சொல்லுவாங்க, நாங்க டிகிரிங்கறோம். கண்ணாடிக் குழாயாட்ட இருக்கும். பால்ல வுட்டா மொதக்கும். கெட்டிப் பாலுன்னா மேல தூக்கி நிக்கும். தண்ணி கலந்திருந்தா முங்கிக் காட்டிக் குடுத்துரும். மனுசன் பொய் சொல்லுவான், டிகிரி சொல்லாதுங்க. எங்கப்பா மேலகூட எனக்குச் சந்தேகம் வந்திருக்குது, டிகிரி மேல வந்ததில்ல.

நானா? நான் தண்ணி கலந்ததே இல்லைங்க. இந்தக் கை மேல சத்தியமுங்க. வெயில் காலத்துல ஐஸ்கட்டி போடுவேன், அது வேற. கேனுக்குள்ள போடாம வெளிய வெச்சா ஆறுங்களா? உள்ள போட்டாத்தான் பால் சூடு அடங்கும். ஐஸ்கட்டி கரையத்தான் செய்யும், அதுக்கு நான் என்ன பண்றது? பாலைக் காப்பாத்தறதுக்குப் போடறது. ஏமாத்தறதுக்கு ஊத்தறதும் காப்பாத்தறதுக்குப் போடறதும் ஒண்ணாகுமா? நீங்க ஒண்ணும் சொல்லல, நானாத்தான் சொல்றேன். சில பேரு அதையும் பேசுவாங்க.

இப்ப லோகுவப் பத்திச் சொல்லோணும். லோகநாதன், எங்கக்கா பையன். மெயின் ரோட்டுல பட்டறை வெச்சிருக்கான். கார், வேனு, லோடு வண்டி எல்லாம் பாக்கறவன். நல்ல கைங்க. அதுல குத்தம் சொல்ல மாட்டேன். எம்புள்ள கோகிலாவுக்கு அவன்தான் முறை. ரெண்டுக்கும் இஷ்டம். எனக்கும் இஷ்டந்தான், ஏன் பொய் சொல்லோணும். அக்கா மவன், குடிக்க மாட்டான், ஊருக்குள்ள கெட்ட பேரு இல்ல. வெத்தலபாக்கு மாத்தறதுக்கு நாள் பாக்கற வரைக்கும் வந்துபோச்சு.

அந்த நேரம் பாத்துத்தான் இந்தக் கூலன்ட் வந்துச்சுங்க குறுக்க. இன்ஜின் சூட்ட அடக்கறதுக்கு ரேடியேட்டர்ல ஊத்துவாங்களே, அது.

வண்டியச் சர்வீசுக்கு வுட்டப்பக் கம்பெனி ஷோரூம்ல சொன்னாங்க, கூலன்ட் மாத்த வேண்டிய நேரம் வந்துருச்சு, எங்க கம்பெனிது மட்டுந்தான் ஊத்தோணும், வெளிய வாங்கி ஊத்துனா இன்ஜின் போச்சுன்னு. டை கட்டுன பையன் சிரிச்சுக்கிட்டே சொல்றான். இன்ஜின் போச்சுன்னு சொல்றவன் எதுக்குங்க சிரிக்கோணும்? எனக்கு அங்கயே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. ரோசனை பண்ணிச் சொல்றேன்னு வந்துட்டேன்.

நேரா லோகுகிட்டப் போனேன். மாப்ள, இப்படிச் சொல்றாங்கடான்னேன். அவன் கையத் தொடச்சுக்கிட்டுச் சொல்றான், "மாமா, கம்பெனிக்காரன் கூலன்ட்ட அவனே காய்ச்சறதில்ல. எவனோ செஞ்சு குடுக்கறான், இவன் மேல ஸ்டிக்கர் ஒட்டறான். அதுவும் நல்ல சரக்குதான், ஊத்தலாம். வெளிய வாங்குனாலும் ஒண்ணும் ஆவாது. உங்க வண்டிப் புஸ்தகத்துல என்ன தரம்னு போட்டிருக்குதோ, அதே தரம் கேன்ல போட்டிருக்குதான்னு பாத்துக்கங்க. கலரப் பாத்து ஏமாறாதீங்க. பழசையும் புதுசையும் ஒண்ணாக் கலக்காதீங்க. அவ்வளவுதான்."

கேட்டீங்களா? அதுவும் நல்லதாம், இதுவும் நல்லதாம். ஒருத்தன் ரெண்டையும் நல்லதுன்னு சொன்னா, ரெண்டுலயும் அவனுக்கு என்னமோ இருக்குதுன்னுதானுங்க அர்த்தம்? ஷோரூம்காரனாச்சும் ஒரு பக்கமாப் பொய் சொன்னான். இவன் ரெண்டு பக்கமும் நிக்கறான். எனக்குச் சோறு எறங்கல. வசந்தா, எம்பட ஊட்டுக்காரி, கேக்கறா, "மாட்டு டாக்டர்கூட ரெண்டு மருந்து எழுதி எது கெடைக்குதோ வாங்குங்கன்னு சொல்றாரு. அப்ப அவருமேலயும் சந்தேகமா?" ஆமான்னு சொன்னேன். நெசமாவே எனக்கு அந்த டாக்டர் மேல ஒரு கண்ணு உண்டுங்க.

அப்பறம் என்ன பண்ணுனேன்? ரெண்டையும் வாங்கிட்டேன். கம்பெனி கேன் ஒண்ணு, வெளிய ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கேன் ஒண்ணு. கம்பெனிது ரோஸ் கலரு. வெளியிது பச்சை. ஊட்டுக்குக் கொண்டாந்து ரெண்டு கிளாஸ்ல ஊத்தி, பழைய டிகிரி ஒண்ண எடுத்து வுட்டுப் பாத்தேன். பாலுக்கு வுடற டிகிரி இல்லைங்க, அது பாவம். கழிச்சுப் போட்ட டிகிரி.

தம்பி, அன்னைக்கு நான் பாத்தத வேற எவனும் பாத்திருக்க மாட்டான். பச்சையில வுட்டேன். டிகிரி கழுத்து வரைக்கும் மேல தூக்கிருச்சு! எந்தச் சீமைப் பசும்பாலுலயும் அப்படித் தூக்குனதில்ல. ரோஸ்ல வுட்டேன். மேலதான் நிக்குது, இல்லைங்கல, ஆனா பச்சை அளவுக்கு இல்ல. எறங்கி நிக்குது. எறங்கி நின்னா என்னங்க அர்த்தம்? தண்ணி! கம்பெனிக்காரன் தண்ணி கலந்திருக்கான்! வண்டியச் செஞ்சவனே, அவன் வண்டிக்கே, தண்ணி கலந்து விக்கறான். நான் வசந்தாவக் கூப்புட்டுக் காட்டுனேன். கோகிலாவக் கூப்புட்டுக் காட்டுனேன். ஊரே ஏமாந்துட்டு இருக்குது, நான் ஒருத்தன் கண்டுபுடிச்சுட்டேன்னு நெஞ்சு நிமிந்துச்சுங்க.

கோகிலா ரெண்டு கேனையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுச் சொல்லுச்சு, "அப்பா, ரோஸ் கேன்ல அப்படியே ஊத்தலாம்னு போட்டிருக்குது. பச்சை கேன்ல தண்ணி கலந்து ஊத்தோணும்னு போட்டிருக்குது. ஒண்ணு கலந்தே வர்றது, ஒண்ணு நாம கலக்கறது. அவ்வளவுதாங்கப்பா."

டப்பாவுல எழுதறத நம்பறதா கண்ணுன்னு கேட்டேன். எம்பட கேன்ல என்ன எழுதியிருக்கறேன், கலப்படம் இல்லாத சுத்தமான பசும்பாலுன்னு எழுதியிருக்கறேன். எழுதுனா ஆச்சா? புள்ள என்னையே பாத்துட்டு இருந்துச்சு. அப்பறம் ரெண்டு கேனையும் மூடி வெச்சுட்டு உள்ள போயிருச்சு.

சரி, பச்சைதான்னு முடிவு பண்ணிட்டேன். கெட்டிச் சரக்கு, டிகிரியே சொல்லிப்போட்டுது. கேனைத் தூக்கிக்கிட்டு லோகு பட்டறைக்குப் போனேன். ஊத்துடா மாப்ளன்னு குடுத்துட்டு ஸ்டூலப் போட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன். அவன் பழசையெல்லாம் வடிச்சான். ரேடியேட்டரக் கழுவுனான். எல்லாம் சரியாத்தான் பண்ணுனான். அப்பறம் எம்பட கேனைத் தொறந்து ஒரு பெரிய மக்குல பாதி ஊத்துனான். பச்சையா, எண்ணெயாட்ட, அழகா எறங்குச்சுங்க. நான் பாத்துட்டே இருக்கறேன், சாவகாசமா எந்திரிச்சுப் போயி, மூலையில இருந்த வெள்ளைக் கேனைத் தூக்கிக்கிட்டு வந்து, அதே மக்குல...

தண்ணிங்க. தண்ணி. மாமன் கண்ணு முன்னாடி.

என்னடா இதுன்னேன். "டிஸ்டில் வாட்டருங்க மாமா. பேட்டரிக்கு ஊத்துவோமில்ல, அது. இது கெட்டிச் சரக்கு, சரிபாதி கலக்கோணும்." கலக்காம ஊத்துனா என்னடா ஆகும்? "சூட்ட இழுக்காது மாமா. சூட்ட இழுத்துட்டுப் போறது தண்ணிதான். துரு புடிக்காம, சட்டுனு கொதிக்காமப் பாத்துக்கறது இந்த மருந்து. ரெண்டும் சேந்தாத்தான் வேலை." அலட்டிக்கவே இல்லைங்க. கை நடுங்கல, கண்ணு தாழல. பாலுக்காரங்க எத்தனையோ பேத்தப் புடிச்சிருக்கறேன். கையும் களவுமாப் புடிச்சா வேர்த்துப் போவாங்க. இவனுக்கு வேர்க்கவே இல்ல. ஒளிஞ்சு கலக்கறவனக்கூட நம்பலாமுங்க, அவனுக்குப் பயம்னு ஒண்ணு இருக்குது. மாமனார் ஆகப்போறவனப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு, அதுக்கு விளக்கமும் சொல்லிக்கிட்டு ஒருத்தன் கலக்கறான்னா, அவன் எப்பேர்ப்பட்ட ஆளு?

நிறுத்துடான்னு சொல்லிட்டு எம்பட கேனைப் புடுங்கிக்கிட்டேன். பட்டறையில வேலை பாக்கறவங்கெல்லாம் பாக்கறாங்க. அவன் மூஞ்சி செவந்துபோச்சு. அப்பவும் ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. அதுதாங்க எனக்கு இன்னும் பெரிய சந்தேகம். தப்புப் பண்ணாதவன்னா கோவப்பட்டிருக்கோணுமில்ல?

அன்னைக்குப் பொழுதோட அக்கா ஊட்டுக்குப் போயிச் சொல்லிப்போட்டேன். வெத்தலபாக்கு வேண்டாம், எம்புள்ளையக் குடுக்க முடியாது, வேற எடம் பாத்துக்கன்னு. அக்கா அழுதுச்சு. எதுக்குடான்னு கேட்டுச்சு. தண்ணி கலக்கற கையில எம்புள்ளையக் குடுக்க மாட்டேன்னேன். அக்காவுக்கு ஒண்ணும் புரியல. அவன் கதவுகிட்ட நின்னுட்டு இருந்தவன், என்ன சொன்னான் தெரியுங்களா? "மாமா, பொண்ணக் குடுக்காட்டிப் போவுது. வண்டிக்குத் தண்ணி கலந்து ஊத்திருங்க. வேற யாரவுட்டாச்சும் ஊத்திக்கங்க. கெட்டியா மட்டும் ஊத்திப்போட்டு ஓட்டாதீங்க."

கேட்டுக்கங்க. பொண்ணு போறதப் பத்திக் கவலை இல்ல. தண்ணி கலக்கறதுலதான் கவலை. அப்படியென்ன அதுல அவனுக்கு? நான் அன்னைக்கு ராத்திரி பூரா அதையே நெனைச்சுட்டுக் கெடந்தேன்.

ஊட்டுல ரெண்டு பேரும் எங்கூடப் பேச்ச நிறுத்திட்டாங்க. வசந்தாவாச்சும் சோத்தப் போடறப்ப நங்குனு தட்ட வெப்பா, அதுல ஒரு பேச்சு இருக்கும். கோகிலா தட்டகூட மெதுவா வெச்சுட்டுப் போகும். அது பொறுக்க முடியலைங்க. திட்டிப்போட்டா நல்லா இருந்திருக்கும். நான் சின்ன வயசுல அதைச் சைக்கிள்ல பால் கேனோட சேத்து உக்கார வெச்சுக் கூட்டிப் போனவன். அது எங்கிட்டப் பேசாம ஒரு நாள் இருந்ததில்ல.

சரி, வண்டி. பழசத்தான் லோகு வடிச்சுட்டானே, பட்டறையில இருந்து ஊட்டுக்குக் கயிறு கட்டி இழுத்தாந்து, நானே ஊத்துனேன். பச்சைக் கேன் பத்தல, இன்னும் வாங்கி ஊத்துனேன். ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அந்த மாதிரி சுத்தமான கூலன்ட்ட ஒரு வண்டியும் பாத்திருக்காது. ஓட்டிக்கிட்டுப் போறேன், முள்ளு மேல ஏறுது. சூடு காட்டற முள்ளுங்க. முன்னாடியெல்லாம் பாதியில அசையாம நிக்கும். இப்ப மேடு ஏறுனா அதுவும் ஏறுது. நிறுத்தி ஆற வெச்சு, ஆற வெச்சு ஓட்டறேன். எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு, ரேடியேட்டரக் கழுவறேன்னு சொல்லி லோகு உள்ள என்னமோ பண்ணி வெச்சிருக்கான்னு. இத்தனை நல்ல சரக்க ஊத்தியும் சூடாகுதுன்னா வேற என்னங்க இருக்க முடியும்?

அன்னைக்கு நல்ல வெயிலு. பால் முழுக்க எடுத்து ஏத்தியாச்சு. ஐஸும் போட்டாச்சு. மெயின் ரோட்டு மேட்டுல ஏறறேன், முள்ளு போயிச் செவப்புல முட்டிக்கிச்சு. புஸ்ஸுன்னு ஆவி. ஓரங்கட்டி நிறுத்திட்டேன். முன்னாடி இது கொதிக்குது, பின்னாடி பால் சூடேறுது. பால் எம்பட பாலில்லைங்க, ஊர்ப்பட்ட சனங்களுது. திரிஞ்சுதுன்னா ஒவ்வொரு வாசல்லயும் போயி நிக்கோணும். 

லோகு பட்டறை அங்கிருந்து பக்கந்தான். ஆனா நான் எப்படிக் கூப்புடறது? வாயால வேண்டாம்னு சொன்னவன். அப்ப ஒரு ஆளு மொபெட்டுல தேங்காய் மூட்டையோட வந்தாரு. நிறுத்திக் கேட்டாரு. நான் சொன்னேன், உங்க போன்ல இந்த நெம்பருக்குக் கூப்புடுங்க, எம்பேரச் சொல்லாதீங்க, வண்டி சூடாகி நிக்குது, வந்து பாருங்கன்னு மட்டும் சொல்லுங்கன்னு. அவரு நல்ல மனுசன். எதுக்குன்னு கேக்கல. கேக்காததால அவருமேலயும் எனக்கு ஒரு இதுதான், ஆனா அப்ப வேற வழி இல்ல. பேசறது எனக்கும் கேக்கோணும்னு ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன்.

மொத ரிங்குலயே எடுத்தாங்க. பொம்பளக் கொரலு. "லோகு பட்டறைங்க, சொல்லுங்கண்ணா."

எம்புள்ளைங்க. கோகிலா.

அந்நேரத்துக்கு, வேலை பாக்கற அரிசி மில்லு ஆபீஸ்ல இருக்க வேண்டிய புள்ள. நேரம் மாத்திட்டாங்க, இனிமே வெள்ளென வரச் சொல்லிட்டாங்கன்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போன புள்ள. ஊர்ல ஒவ்வொருத்தன் சொம்புலயும் டிகிரி வுட்டுப் பாக்கறவன், எம்புள்ள சொன்னத அப்படியே நம்பியிருந்தேன்.

மொபெட்டுக்காரரு பாவம், வண்டி சூடாகி நிக்குதும்மாங்கறாரு. அது உடனே படபடன்னு பேசுது. "அண்ணா, ரேடியேட்டர் மூடியத் தொறந்துறாதீங்க. ஆறட்டும். பக்கத்துல யாரையும் நிக்க வுடாதீங்க, தொறந்தா மூஞ்சியில அடிச்சுரும். எங்க நிக்குதுன்னு சொல்லுங்க, இப்ப வந்துருவாங்க." அப்பறம் கேக்குது, "அண்ணா, தண்ணி கலக்காமக் கூலன்ட் ஊத்தியிருக்கீங்களா? எங்கப்பாவும் இப்படித்தான் ஊத்திக்கிட்டு ஓட்டிக்கிட்டிருக்காரு. எங்காச்சும் நடுரோட்டுல நிப்பாரு, நின்னா ரோசத்துல எங்களைக் கூப்புட மாட்டாரு, வேற யாரவுட்டாச்சும் இந்த நெம்பருக்குக் கூப்புடச் சொல்லுவாரு. அதுக்காகத்தான் அவரு பால் வண்டி ஓடற நேரம் பூரா நான் இந்த போன வெச்சுட்டு இங்கயே உக்காந்திருக்கறேன். நான் சொல்றதக் கேளுங்கண்ணா, தொறக்காதீங்க."

மொபெட்டுக்காரரு என்னைப் பாக்கறாரு. நான் ரோட்டப் பாக்கறேன். சொல்றதுக்கென்ன தம்பி, கண்ணுல தண்ணி முட்டிருச்சு. எனக்காக ஒருத்தி உக்காந்திருக்கறான்னு தெரிஞ்சா எந்த அப்பனுக்குத்தான் முட்டாது.

ஆனா புத்தி சும்மா இருக்குதுங்களா. தொறக்காதீங்க, தொறக்காதீங்கன்னு ஏன் ரெண்டு தடவை சொல்லுச்சு? ஆறட்டும்னு எதுக்கு? அவன் வந்து சேர்ற வரைக்கும் நாம உள்ள பாத்துறக் கூடாது. பாத்தா என்னமோ தெரிஞ்சுபோகும். புள்ளைக்கு விவரம் தெரியாது, அவன் சொல்லிக் குடுத்திருக்கான், அது சொல்லுது. இப்ப வுட்டா ஜென்மத்துக்கும் தெரியாதுன்னு தோணுச்சுங்க. துண்ட மடிச்சு மூடி மேல போட்டு ஒரு திருகு திருகுனேன்.

அவ்வளவுதான் தெரியும். மொபெட்டுக்காரரு என்னை இழுத்துக் கீழ தள்ளியிருக்காரு. கை பூரா பச்சைக் கொதி.

ரெண்டு பேரும் பைக்குல வந்து எறங்குனாங்க. கோகிலா அப்பான்னு கத்துன கத்து இன்னும் காதுல இருக்குது. லோகு வண்டியத் திரும்பிக்கூடப் பாக்கலைங்க. வண்டிக்குன்னு கொண்டாந்த வெள்ளைக் கேன் தண்ணி மொத்தத்தையும் எங்கையில ஊத்துனான். மெதுவா, ஒழுக்கு வுடாம, ஊத்திக்கிட்டே இருந்தான். எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமா அடங்குச்சு. கண்ணத் தொறந்து அவன் மூஞ்சியப் பாத்தேன். வேர்த்துக் கொட்டுதுங்க அவனுக்கு. அன்னைக்குப் பட்டறையில வேர்க்காதவனுக்கு.

எதுக்கு இப்ப வேர்க்குதுன்னு எனக்கு ரோசனை. அப்பறம் கேட்டுக்கலாம்னு வுட்டுட்டேன்.

பாலையெல்லாம், தெரிஞ்சவங்க லோடு ஆட்டோ ஒண்ணுல ஏத்தி அவனே கொண்டு போயி ஊத்திட்டான். திரியல. என்னை ஆஸ்பத்திரிக்குக் கோகிலா கூட்டிட்டுப் போச்சு. கட்டுப் போட்டு வெளிய உக்கார வெச்சாங்க. அப்பத்தான் வாயத் தொறந்துச்சு. அழுகலைங்க. "அப்பா, உங்களுக்குத் தெரியாம நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். நீங்க வந்து வெத்தலபாக்கு மாத்துனாத்தான். ஆனா வேற யாரையும் பண்ணிக்கவும் மாட்டேன். உங்களுக்கு என்னைக்கு நம்பிக்கை வருதோ அன்னைக்குச் சொல்லுங்க. அதுவரைக்கும் அந்த போனு எங்கிட்டத்தான் இருக்கும்." சொல்லிட்டு என்னோட நல்ல கையப் புடிச்சுக்கிச்சு.

எனக்குக் குடுக்கோணும்னுதான் இருக்குது தம்பி. நெசமா. அந்தப் புள்ளைக்கு வயசு போயிட்டு இருக்குது. அக்கா போன் பண்ணி அழுகுது. ஒரே ஒரு விசயம் தெளிவாயிட்டா நாளைக்கே வெத்தலபாக்குத் தட்டத் தூக்கிட்டுப் போயிருவேன். கலக்கோணுமா, கலக்கக் கூடாதா? கலக்கோணும்னா அவன் யோக்கியன். அவ்வளவுதான் கேள்வி.

விசாரிக்காம இல்லைங்க. ஷோரூம் பையனக் கேட்டேன், கெட்டிச் சரக்குன்னா சரிபாதி கலக்கோணுங்கறான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரக் கேட்டேன், சரிபாதிங்கறாரு. லாரி ஓட்டறவரு ஒருத்தரு டீக்கடையில இருந்தாரு, கேட்டேன், அவரும் அதேதான். எங்கூரு வாத்தியாரு ஒருத்தரு, காலேஜ்ல இன்ஜினப் பத்தியே பாடம் நடத்தறவரு, படம் வேற போட்டுக் காட்டிச் சரிபாதிங்கறாரு. நீங்களே சொல்லுங்க. ஒரு விசயத்துல நாலு பேரு நாலு விதமாச் சொன்னா அது இயற்கை. எல்லாரும் ஒரே மாதிரி, ஒரே வார்த்தையா, சரிபாதி சரிபாதின்னு சொல்றாங்கன்னா? சொல்லி வெச்சிருக்கறாங்கன்னுதானுங்க அர்த்தம். சுத்துப்பட்டுல லோகுவுக்குத் தெரியாத ஆளே இல்ல. எல்லார் வண்டியும் அவங்கிட்டத்தான் வருது.

அதுதான் கோயமுத்தூரு போறேன். அங்க அவன எவனுக்கும் தெரியாது. பெரிய கடையா நாலு கடை ஏறி எறங்கி, இந்தக் கேனக் காட்டிக் கேக்கப் போறேன். வண்டி இன்னும் பட்டறையிலதான் நிக்குது, நான் வர்ற வரைக்கும் தொடக் கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். சரிங்க மாமான்னான். அதுக்கும் கோவப்படல.

எனக்கு முன்னப்பின்னத் தெரியாத ஆளு, லோகு மூஞ்சியவே பாக்காத ஆளு ஒருத்தன், ஒரே ஒருத்தன் சொல்லட்டும், கலக்கோணும்னு. அங்கிருந்தே புள்ளைக்குப் போனப் போட்டு, கண்ணு, நாள் பாக்கச் சொல்லுன்னு சொல்லிருவேன். சத்தியமா.

நீங்க வண்டி வெச்சிருக்கீங்களா? காரா? சொந்தமா? அடடே, இத்தனை நேரம் கேக்காமப் போனேன் பாருங்க. அப்பக் கூலன்ட் மாத்தியிருப்பீங்கல்ல. கம்பெனிதா, வெளியிதா? வெளியிதுதானா. கெட்டிச் சரக்கா. நல்லது. நல்லது. ஊத்துறப்ப...

சரிபாதியா.

எத்தனை வருசமா? சூடே ஆனதில்லையா. சரிங்க.

இல்ல, ஒண்ணுமில்ல. ரோசனை. பஸ்சு முக்காவாசி காலியாக் கெடக்குது, அங்க பாருங்க, அத்தனை சீட்டு. அத்தனையும் வுட்டுப்போட்டு எம்பக்கத்துல வந்து எதுக்கு உக்காந்தீங்க? கையப் பாத்தீங்க, நானாச் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். நீங்க ஒண்ணுமே கேக்கல. ஒரு கேள்வி கேக்கல. இத்தனை நேரம் பொறுமையா ஒரு மனுசன் கேக்கறான்னா...

சிரிக்காதீங்க தம்பி. இது சிரிக்கற விசயமில்ல. எம்புள்ள அங்க போனக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குதுங்க. நெசத்தச் சொல்லுங்க. லோகு உங்களுக்கு என்ன வேணும்?